ரோமர் 4, யாக்கோபு 2: மீட்பு குறித்து கத்தோலிக்கரும் லுத்தரன்களும் எந்த இடத்தில் பிரிகிறார்கள்?

#1 பனையோலை

16ஆம் நூற்றாண்டுப் பிளவைப் பாவமன்னிப்புச் சீட்டு விவகாரத்தோடு முடித்துவிடும் கட்டுரைகள் தமிழில் நிறைய இருக்கின்றன. எனக்கு வேண்டியது வேறு. இரு தரப்பும் அதே பவுலைத்தான் வாசித்தார்கள், அதே யாக்கோபைத்தான் வாசித்தார்கள். எந்த வசனத்தை எப்படி எடுத்துக்கொண்டதால் முடிவு மாறியது? வசனம் வசனமாகச் சொல்லக்கூடியவர்கள் சொல்லுங்கள். எது சரி என்ற தீர்ப்பு இந்த இழைக்கு வேண்டாம். ஆனால் இரு பக்கமும் அடிக்கடி வைக்கும் வாதங்களில் எவை நிற்காது என்பதைத் தயங்காமல் சொல்லலாம்.

பழைய வேதாகமத்தில் 'நீதிமானாக்கப்படுதல்' என்று இருப்பதும் திருவிவிலியத்தில் 'ஏற்புடையோர் ஆதல்' என்று இருப்பதும் ஒன்றுதான். அவரவர் பழகிய சொல்லில் எழுதுங்கள்.

#2 தேவதாரு

லுத்தரன் தரப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். ரோமர் 3:28ஐ முதலில் எடுத்தால் 'மட்டும்' என்ற சொல்லோடு மல்லுக்கட்டியே பொழுது போய்விடும். 1522 செப்டம்பரில் வெளிவந்த ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் லூதர் அந்த வசனத்தில் 'அல்லைன்' (மட்டும்) என்று சேர்த்தது உண்மை. கிரேக்கத்தில் அந்தச் சொல் இல்லை என்பதை 1530இல் எழுதிய திறந்த மடலில் அவரே சொல்கிறார். ஜெர்மன் நடைக்கு அது வேண்டும், பவுலின் கருத்தும் அதுதான் என்பது அவர் பதில். அந்தச் சொல்லை நீக்கிவிட்டாலும் லுத்தரன் போதனைக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அது நிற்பது 4ஆம் அதிகாரத்தின்மேல்.

ரோமர் 4:4-5ஐப் பாருங்கள். கிரியை செய்கிறவனுக்கு வருவது கூலி, அது கடன். கிரியை செய்யாமல் 'பாவியை நீதிமானாக்குகிறவரிடத்தில்' விசுவாசம் வைக்கிறவனுக்கோ அந்த விசுவாசமே நீதியாக 'எண்ணப்படும்'. தேவன் நீதிமானாக்குவது யாரை? ஏற்கெனவே திருந்தியவனை அல்ல, பாவியை. 'எண்ணப்படும்' என்பது கணக்கில் வைக்கும் பேச்சு. அடுத்து 6 முதல் 8 வரை பவுல் 32ஆம் சங்கீதத்தை எடுத்து, எவனுடைய பாவத்தைக் கர்த்தர் எண்ணாதிருக்கிறாரோ அவனைப் பாக்கியவான் என்கிறார். அந்தச் சங்கீதத்தைப் பாடிய தாவீது விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவன் அல்ல. பல வருடம் தேவனோடு நடந்தவனுக்கும் பாக்கியம் 'எண்ணாதிருப்பதில்' தான் இருக்கிறது.

இதோடு உபாகமம் 25:1ஐயும் நீதிமொழிகள் 17:15ஐயும் சேர்த்து வாசியுங்கள். இரண்டிலும் நீதிமானாக்குதல் என்பது நியாயாதிபதியின் தீர்ப்பு. துன்மார்க்கனை நீதிமானாக்குவது கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் சொல்கிறது. அப்படியிருக்க, தேவனே அதைச் செய்கிறார் என்று ரோமர் 4:5 சொல்லும்போது இடையில் சிலுவை இருந்தாக வேண்டும். 2 கொரிந்தியர் 5:21 அதைத்தான் விளக்குகிறது: நம்முடைய பாவம் கிறிஸ்துவின்மேல், அவருடைய நீதி நம்மேல். ஆகவே என் நீதி எனக்கு வெளியே, கிறிஸ்துவில் இருக்கிறது. விசுவாசம் அதைப் பற்றிக்கொள்கிறது, அவ்வளவே.

கிரியை வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. 1530 ஜூன் 25இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன் வாசிக்கப்பட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 4ஆம் பிரிவு நீதிமானாக்கப்படுதலைப் பற்றியது. 6ஆம் பிரிவு அந்த விசுவாசம் நற்கனிகளைக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. 20ஆம் பிரிவு முழுக்க நற்கிரியைகளைப் பற்றியதுதான்.

#3 மணிக்கூண்டு

கத்தோலிக்கத் தரப்பு. தேவதாரு தெளிவாகச் சொன்னார். எங்கள் வாசிப்பு எங்கே விலகுகிறது என்று சொல்கிறேன்.

சீர்திருத்தக் கேள்விகளுக்குப் பதிலளிக்கக் கத்தோலிக்கத் திருச்சபை கூட்டிய திரெந்து பொதுச்சங்கத்தின் 6ஆம் அமர்வு, 1547 ஜனவரி 13: போதனையை விளக்கும் 16 அதிகாரங்கள், தவறான கருத்துகளைக் கண்டிக்கும் 33 விதிகள். விதிகளை மட்டும் வாசித்துவிட்டுப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம். முதல் விதி யாரைக் கண்டிக்கிறது தெரியுமா? இயேசு கிறிஸ்து வழியாக வரும் அருள் இல்லாமல் மனிதர் தம் சொந்தச் செயல்களால் கடவுள்முன் ஏற்புடையவர் ஆகலாம் என்பவரை. 8ஆம் அதிகாரம் இன்னும் தெளிவு: ஏற்புடையவர் ஆக்கப்படுமுன் இருக்கும் எதுவும், அது நம்பிக்கையானாலும் செயலானாலும், அந்த அருளைச் சம்பாதித்துத் தராது. நம்பிக்கையை அது மீட்பின் தொடக்கம், அடித்தளம், வேர் என்கிறது.

பிரிவு 7ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே சங்கம் காரணங்களைப் பிரித்து வைக்கிறது. செய்பவர் இரக்கமுள்ள கடவுள். தம் பாடுகளால் அதைப் பெற்றுத்தந்தவர் கிறிஸ்து. கருவி திருமுழுக்கு. வடிவக் காரணம், அதாவது நம்மை நீதியுள்ளவராக்குவது எதுவோ அது, ஒன்றே ஒன்று: கடவுள் நம்மை நீதியுள்ளவர்களாக ஆக்கும் நீதி. நம்மை நீதியுள்ளவர்களாக எண்ணுவது மட்டுமல்ல, நாம் உண்மையிலேயே அப்படி ஆகிறோம். இதற்குச் சங்கம் நிற்கும் வசனம் உரோமையர் 5:5, தூய ஆவி வழியாய்க் கடவுளின் அன்பு நம் உள்ளங்களில் பொழியப்பட்டுள்ளது என்பது. 'கடவுளின் அன்பு' என்பதைப் புனித அகுஸ்தீனார் (அகஸ்டின்) கடவுள் நம்மேல் வைத்த அன்பாக வாசிக்கவில்லை. நாம் கடவுளை அன்பு செய்யும்படி அவர் நமக்குத் தரும் அன்பாக வாசித்தார். எங்கள் மரபு அவர் வழியில் போனது. அன்பு உள்ளே பொழியப்படுகிறது என்றால் ஏற்புடைமை வெளியிலேயே நின்றுவிடாது.

9ஆம் விதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'நம்பிக்கையால் மட்டுமே' என்று சொல்பவரை அது கண்டிக்கிறது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். விதியின் பிற்பாதியை விட்டுவிடுகிறார்கள். அருளோடு ஒத்துழைக்க வேறெதுவும் தேவையில்லை, தன் மன அசைவால் ஒருவர் ஆயத்தமாக வேண்டிய அவசியமே இல்லை 'என்ற பொருளில்' அப்படிச் சொல்பவரையே விதி கண்டிக்கிறது. அந்தப் பொருள்வரையறையை வெட்டிவிட்டு மேற்கோள் காட்டுவது நேர்மை அல்ல.

#4 அச்சுக்கூடம்

வரலாற்றுப் பக்கம் இரண்டு திருத்தங்கள், ஒன்று இந்தத் தரப்புக்கு, ஒன்று அந்தத் தரப்புக்கு.

பவுல் சொல்லும் 'நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்' விருத்தசேதனமும் உணவு விதிகளும்தான், அறச்செயல்கள் அதில் சேராது என்று கத்தோலிக்க நண்பர்கள் சிலர் வாதிடுவார்கள். ஜெரோமிடமும் எராஸ்மசிடமும் அந்தப் போக்கு உண்டு. ஆனால் அகஸ்டின் அதை ஏற்கவில்லை. ரோமர் 7:7இல் பவுல் எடுத்துக்காட்டும் கட்டளை 'இச்சியாதிருப்பாயாக' என்பது, அது பத்துக் கட்டளைகளில் ஒன்று, சடங்கு அல்ல என்கிறார். தாமஸ் அக்குவினாவும் 3:28க்கு எழுதிய உரையில் சடங்குச் செயல்கள் மட்டுமல்ல, அறக்கட்டளைகளின் செயல்களும் இதில் அடங்கும் என்று எழுதி, தீத்து 3:5ஐத் துணைக்கு வைக்கிறார். எனவே அந்த வாதத்தைக் கத்தோலிக்க மரபின் ஒரே குரலாக முன்வைக்க முடியாது.

லுத்தரன் நண்பர்களுக்கு: அகஸ்டின் முழுவதும் லூதர் பக்கம் என்று சொல்வதும் நிற்காது. 'நீதிமானாக்குதல்' என்பதை அகஸ்டின் நீதியுள்ளவனாக ஆக்குதல் என்றே எடுத்துக்கொண்டார். தமது இலத்தீன் நூல்தொகுப்புக்கு 1545இல் எழுதிய முன்னுரையில், தேவநீதி என்றால் தேவன் நமக்கு உடுத்தும் நீதி என்று அகஸ்டினிடம் கண்டு மகிழ்ந்ததாக லூதரே எழுதுகிறார். உடனே, எண்ணப்படும் நீதியைப் பற்றி அவர் எல்லாவற்றையும் தெளிவாக விளக்கவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

இன்னொன்று. லூதரின் உடனுழைப்பாளர் மெலாங்தன் ஆக்ஸ்பர்க் அறிக்கையைக் காத்து 1531இல் எழுதிய மறுமொழி நூலில் நீதிமானாக்கப்படுதலுக்கு இரண்டு பொருளும் உண்டு: அநீதியுள்ளவர் நீதியுள்ளவராக ஆக்கப்படுவது, நீதியுள்ளவர் என்று அறிவிக்கப்படுவது. பிற்பாடு ஓசியாண்டர் என்பவர் நமக்குள் வாசம்பண்ணும் கிறிஸ்துவின் தெய்வீகத் தன்மையே நம் நீதி என்று போதித்துக் குழப்பம் எழுந்தபோதுதான் லுத்தரன்கள் வேலியை இறுக்கினார்கள். லுத்தரன்களின் உள்சண்டைகளைத் தீர்க்க எழுந்த 1577இன் ஒருமைப்பாட்டு வாய்பாடு, 3ஆம் பிரிவு, 'அறிவிக்கப்படுதல்' என்பதை மட்டும் வைத்துக்கொண்டது. 1530ஐயும் 1577ஐயும் ஒன்றாகக் குழப்பிப் பேசக்கூடாது.

#5 பனையோலை

நன்றி, நான் கேட்டது இதைத்தான். அடுத்து யாக்கோபு 2:24. "விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்" என்று வெளிப்படையாகவே இருக்கிறதே. லுத்தரன்கள் இதை எப்படிக் கடக்கிறார்கள்?

#6 தேவதாரு

லூதரிடம் ஒரு பதில், அவர் சபையிடம் வேறொரு பதில். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1522 முன்னுரையில் லூதர் யாக்கோபை வைக்கோல் நிருபம் என்றார். கிறிஸ்துவை முன்னிறுத்துகிறதா என்பதே ஒரு புத்தகத்துக்கு அவர் வைத்த உரைகல். எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தல் நான்கையும் கடைசியில் தள்ளி, பொருளடக்கத்தில் எண் போடாமல் விட்டார். ஆனால் நீக்கவில்லை. அந்த வைக்கோல் வாக்கியம் பிற்காலப் பதிப்புகளில் இல்லை. லுத்தரன் அறிக்கைகளும் அவருடைய இந்தக் கருத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

சபையின் பதிலை மெலாங்தன் தருகிறார். யாக்கோபு 2:19ஐ முதலில் வாசியுங்கள்: பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன. அங்கே கண்டிக்கப்படுவது வெறும் தகவலறிவு. ரோமர் 4இல் இருப்பதோ வாக்குத்தத்தத்தின்மேல் வைத்த நம்பிக்கை. இனி ஆபிரகாம். ஆதியாகமம் 15:6இல் அவன் விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டது. யாக்கோபு காட்டும் ஈசாக்கு பலி ஆதியாகமம் 22, அது நடந்தது வருடங்கள் கழித்து. அங்கே 12ஆம் வசனத்தில் "இப்பொழுது அறிந்திருக்கிறேன்" என்று சொல்லப்படுகிறது. இருந்த விசுவாசம் கிரியையில் வெளியே தெரிந்தது. ஆகவே யாக்கோபு பேசுவது நீதிமான் எப்படி வெளிப்படுகிறான் என்பதை, பாவி எப்படி ஏற்கப்படுகிறான் என்பதை அல்ல.

#7 மணிக்கூண்டு

அதே ஆபிரகாமை எங்கள் பக்கம் எப்படி வாசிக்கிறது என்று பாருங்கள். பிரச்சினையின் வேரே இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆபிரகாம் நம்பிக்கை வைத்த முதல் தருணம் தொடக்கநூல் 15 அல்ல. 12ஆம் அதிகாரத்திலேயே அழைப்பைக் கேட்டுப் புறப்பட்டுவிட்டார். அதை எபிரேயர் 11:8 நம்பிக்கையால் நடந்தது என்கிறது. அப்படியானால் 15:6இல் 'நீதியாகக் கருதப்பட்டது' ஏற்கெனவே கடவுளோடு நடப்பவருக்கு. 22இல் மறுபடியும். 12, 15, 22 என்று மூன்று படிகள். ஏற்புடைமை வளரக்கூடியது என்பதற்கு இது சான்று. திரெந்தின் 10ஆம் அதிகாரம் யாக்கோபு 2:24ஐப் பயன்படுத்துவது இந்த இடத்தில்தான். முதன்முதலில் ஏற்புடையவராவதற்கு அதை மேற்கோள் காட்டவில்லை, பெற்ற ஏற்புடைமை வளர்வதற்கே காட்டுகிறது. திருவெளிப்பாடு 22:11உம் அங்கே கூட வருகிறது.

தேவதாரு இதே உண்மையை, தாவீது ஏற்கெனவே நம்பிக்கையாளர் என்பதை, எதிர்ப்பக்கம் பயன்படுத்தினார். பல வருடம் நடந்தவருக்கும் எண்ணப்படுவது நம்பிக்கையே என்றார் அவர். பல வருடம் நடந்தவர் மேலும் ஏற்புடையவராகிறார் என்கிறோம் நாங்கள். சான்று ஒன்றுதான். 'ஏற்புடையவராதல்' என்ற சொல்லை எவ்வளவு தூரத்துக்கு நீட்டுகிறோம் என்பதில்தான் வேறுபாடு. லுத்தரன் பேச்சில் அது தீர்ப்பு, ஒரே தடவையில் முழுமையானது. அதன்பின் வரும் வளர்ச்சிக்குப் பரிசுத்தமாக்கப்படுதல் என்று தனிப்பெயர். எங்கள் பேச்சில் திருமுழுக்கு முதல் கடைசி மூச்சு வரை அந்த ஒரே சொல்லில் அடங்கும்.

#8 கல்தூண்

சுருக்கமா சொல்லுங்க. கத்தோலிக்கர் நல்லது செஞ்சு மோட்சத்தை வாங்கலாம்னு சொல்றாங்க, லுத்தரன்கள் விசுவாசிச்சா போதும் எப்படி வேணா வாழலாம்னு சொல்றாங்க. இவ்வளவுதானே?

#9 தேவதாரு

இல்லை, இரண்டுமே தவறு. என் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். லுத்தரன்களுக்குள்ளேயே இந்தச் சண்டை வந்தது. 1550களில் கேயார்க் மாயோர் நற்கிரியைகள் இரட்சிப்புக்கு அவசியம் என்றார். ஆம்ஸ்டோர்ஃப் எதிர்முனைக்கே போய், அவை இரட்சிப்புக்குக் கேடு என்றார். 1577இன் ஒருமைப்பாட்டு வாய்பாட்டில் இரண்டு வாக்கியங்களையும் தள்ளினார்கள். நற்கிரியைகள் அவசியம், ஆனால் 'இரட்சிப்புக்கு' என்ற சொல்லோடு அதைச் சேர்க்கக்கூடாது என்பது முடிவு. அவரவர் நன்மைகளைத் திரும்பிப் பார்த்து நிச்சயம் தேட ஆரம்பித்தால், மனசாட்சி மரண வேளையில் நிற்க இடம் இருக்காது என்பதே அந்தக் கவனத்துக்குக் காரணம்.

#10 மணிக்கூண்டு

வாங்குவதைப் பற்றி: திரெந்தின் 16ஆம் அதிகாரம் நற்செயல்களுக்குப் பேறுபலன், அதாவது கடவுளிடம் பலன் பெறும் தகுதி, உண்டு என்று உறுதியாகவே சொல்கிறது. 2 திமொத்தேயு 4:8இன் நீதியின் வெற்றி வாகை, எபிரேயர் 6:10, யோவான் 15இன் திராட்சைக்கொடியும் கிளைகளும் அதற்கு ஆதாரம். ஆனால் கிளை கொடியில் இருப்பதால்தான் கனி தருகிறது. கடவுள் தம் கொடைகளையே நம் பேறுபலன்களாகக் கருத விரும்புகிறார் என்று அதே அதிகாரம் முடிக்கிறது. பேறுபலனைக் கடவுளிடம் காசு கொடுத்து வாங்கும் பேரமாக விளக்குபவர் திரெந்தை விளக்கவில்லை.

#11 அச்சுக்கூடம்

நிச்சயம் என்று தேவதாரு சொன்னது முக்கியம். பெரும்பாலானோர் கிரியைகளைப் பற்றியே பேசிவிட்டு அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1518 அக்டோபரில் ஆக்ஸ்பர்க்கில் திருத்தந்தையின் தூதரான கர்தினால் கயெத்தான் லூதரை விசாரித்தபோது, பாவமன்னிப்பு வாக்கை நிச்சயமாக விசுவாசிப்பது பற்றிய கேள்வி முக்கியச் சிக்கல்களில் ஒன்று. லூதருக்கு மத்தேயு 16:19 கிறிஸ்துவின் வாக்கு. அதைச் சந்தேகித்தால் கிறிஸ்துவைப் பொய்யராக்குவதாகும். கயெத்தானுக்கு, 'எனக்குக் கிடைத்துவிட்டது' என்று என்னைப் பற்றியே உறுதி கொள்வது விசுவாசத்தின் பொருளாகாது.

அக்குவினா இங்கே காட்டும் வசனங்கள் 1 கொரிந்தியர் 4:4உம் சபை உரையாளர் 9:1உம். பின்னதன் வுல்காத்தா (அக்காலத் திருச்சபை பயன்படுத்திய இலத்தீன் விவிலியம்) வடிவம், தான் அன்புக்குரியவனா வெறுப்புக்குரியவனா என்பதை மனிதன் அறியான் என்று இருக்கும். இன்றைய மொழிபெயர்ப்பில் அந்தக் கூர்மை கிடைக்காது. அதனால் பழைய நூல்களை வாசிக்கும்போது 'இந்த வசனம் இதைச் சொல்லவே இல்லையே' என்று தோன்றும். அவர்கள் கையில் இருந்த பாடத்தை எடுத்துப் பார்க்க வேண்டும்.

திரெந்தின் 9ஆம் அதிகாரம், பிழைக்கு இடமில்லாத விசுவாச நிச்சயத்தோடு தனக்கு அருள் கிடைத்துவிட்டது என்று யாரும் அறிய முடியாது என்கிறது. கூடவே, கடவுளின் இரக்கத்தையும் கிறிஸ்துவின் பேறுபலனையும் அருளடையாளங்களின் ஆற்றலையும் எந்தப் பக்தரும் சந்தேகிக்கக்கூடாது என்றும் சொல்கிறது. சந்தேகம் என்மேல், கடவுள்மேல் அல்ல. லுத்தரன் பக்கம் ரோமர் 8:38-39ஐ வைத்து, வாக்குத்தத்தத்தைப் பார் உன்னைப் பார்க்காதே என்கிறது. இருவரும் தன்னைப் பார்த்தால் நிச்சயம் கிடைக்காது என்பதில் ஒத்துப்போகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

#12 பனையோலை

கலாத்தியர் 5:6, ரோமர் 7 இரண்டும் பாக்கி.

#13 மணிக்கூண்டு

கலாத்தியர் 5:6, அன்பின் வழியாய்ச் செயலாற்றும் நம்பிக்கை. நம்பிக்கைக்கு உயிர் வடிவம் தருவது அன்பு என்பது எங்கள் இடைக்கால மரபு. 1 கொரிந்தியர் 13:2 துணை: மலைகளை நகர்த்தும் நம்பிக்கை இருந்தும் அன்பு இல்லையேல் நான் ஒன்றுமில்லை. எனவே சாவான பாவத்தால் அருள் போனாலும் நம்பிக்கை மிஞ்சக்கூடும் (திரெந்தின் 15ஆம் அதிகாரம்). ஆனால் அந்த நம்பிக்கை மட்டும் மீட்காது.

#14 தேவதாரு

அந்த 'வடிவம்' என்ற பேச்சை லூதர் 1535 கலாத்தியர் விரிவுரையில் கடுமையாக மறுக்கிறார். விசுவாசத்துக்கு வடிவம் கிறிஸ்துவே, அன்பு அல்ல. வசனம் "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசம்" என்கிறது. கிரியை செய்வது விசுவாசம், அன்பு அதன் வழி. நீதிமானாக்குவது அன்பு என்று அங்கே இல்லை என்பது அவர் வாதம். இதே முறையில் லூக்கா 7:47ஐயும் பாருங்கள். "இவள் மிகவும் அன்புகூர்ந்தாளே" என்பதை மன்னிப்புக்குக் காரணமாக எடுத்தால், 41 முதல் 43 வரை உள்ள இரண்டு கடன்காரர் உவமை தலைகீழாகிவிடும். உவமையில் கடன் முதலில் மன்னிக்கப்படுகிறது, அன்பு பிறகு வருகிறது. 50ஆம் வசனம் "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்று முடிகிறது. மெலாங்தன் இந்தப் பகுதிக்குத் தம் மறுமொழியில் தனியாகவே இடம் ஒதுக்கினார்.

ரோமர் 7இல் 'நான்' என்று பேசுபவர் மறுபிறப்படைந்த பவுல். அவருக்குள் இன்னும் பாவம் வாசமாயிருக்கிறது. அதனால்தான் ஒரே ஆள் ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும்.

#15 மணிக்கூண்டு

பேசுபவர் அருள் பெற்ற பவுல் என்பதை அகுஸ்தீனாரின் பிற்கால எழுத்துகளும் சொல்கின்றன, அதில் தகராறு இல்லை. தகராறு 'பாவம்' என்ற பெயரில். திரெந்தின் 5ஆம் அமர்வு, 1546 ஜூன் 17: திருமுழுக்குக்குப் பின் எஞ்சும் இச்சையைத் திருத்தூதர் சில இடங்களில் பாவம் என்கிறார். ஆனால் அது பாவத்திலிருந்து வந்து பாவத்துக்குத் தூண்டுவதால் அந்தப் பெயர். அதற்கு இணங்காதவருக்கு அது உண்மையான பாவம் அல்ல. லுத்தரன்களும் கத்தோலிக்கரும் சேர்ந்து தயாரித்த கூட்டறிக்கைக்கு 1998இல் உரோமை தந்த பதிலில் அதிகமாக உறுத்தியதும் இந்த 'நீதிமானும் பாவியும்' தான்.

#16 அச்சுக்கூடம்

இரு தரப்பும் சேரப்போன இரண்டு தருணங்களையும் சொல்லிவிடுகிறேன்.

1541இல் ரேகன்ஸ்பர்க்கில் நடந்த சமயப் பேச்சுவார்த்தை. கத்தோலிக்கப் பக்கம் எக், குரோப்பர், ஃப்ளூக். மறுபக்கம் மெலாங்தன், புட்சர், பிஸ்டோரியஸ். திருத்தந்தையின் தூதராகக் கர்தினால் கொன்தரீனி. நீதிமானாக்கப்படுதல் பற்றிய 5ஆம் பிரிவில் உடன்பாடே வந்துவிட்டது: எண்ணப்படும் நீதி, உள்ளே தரப்படும் நீதி இரண்டும் உண்டு, நாம் சாய்வது முன்னதன்மேல். லூதர் அதை ஒட்டுப்போட்ட வேலை என்றார். உரோமையும் ஏற்கவில்லை. 1546இல் திரெந்தில் அகுஸ்தீன் துறவு சபைத் தலைவர் செரிபாந்தோ இதே இரட்டை நீதியை எழுப்பினார், சங்கம் தள்ளியது. 7ஆம் அதிகாரத்தில் வடிவக் காரணம் 'ஒன்றே ஒன்று' என்று அழுத்தியிருப்பது இந்தப் பின்னணியில்தான்.

அடுத்தது 1999 அக்டோபர் 31, ஆக்ஸ்பர்க். உலக லுத்தரன் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 15ஆம் பத்தி மையம்: நம் பேறுபலன் எதுவும் காரணமின்றி, கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் நாம் ஏற்கப்படுகிறோம், நம் இருதயத்தைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு அழைக்கும் ஆவியைப் பெறுகிறோம். இந்த அறிக்கையில் விளக்கப்பட்ட போதனைக்குப் பழைய கண்டனங்கள் பொருந்தாது என்கிறது 41ஆம் பத்தி. கண்டனங்கள் ரத்தாகிவிட்டன என்று செய்தித்தாள்கள் எழுதியது பிழை. ரோமர் 7 சிக்கலுக்காகச் சேர்த்த பின்னிணைப்பு 1 யோவான் 1:8-10இல் போய் நிற்கிறது. எல்லா லுத்தரன்களும் இதில் இல்லை. அமெரிக்காவின் மிசூரி சினட் என்ற லுத்தரன் சபை ஏற்கவில்லை. மெதடிஸ்டுகள் 2006இலும் சீர்திருத்தச் சபைகள் 2017இலும் சேர்ந்தன.

#17 பனையோலை

படிப்பு வட்டத்தில் இதை நடத்துவதென்றால் எந்த வரிசை?

#18 தேவதாரு

ஆதியாகமம் 12, 15, 22 மூன்றையும் முதல் அமர்வில் எந்த நிருபமும் திறக்காமல் வாசியுங்கள். இரண்டாவதில் ரோமர் 4, யாக்கோபு 2 அடுத்தடுத்து. மூன்றாவதில் ரோமர் 5:1-5, கலாத்தியர் 5, லூக்கா 7. ரோமர் 7 கடைசி. முதலிலேயே அதை எடுத்தால் எல்லோரும் தங்கள் அனுபவத்தைப் பேச ஆரம்பித்துவிடுவார்கள், வசனம் கைவிட்டுப் போய்விடும்.

#19 மணிக்கூண்டு

வரிசை சரி. ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 4, 6, 20ஐக் கத்தோலிக்கர் ஒருவரும், திரெந்தின் 7, 8, 10ஐ லுத்தரன் ஒருவரும் உரக்க வாசிக்கட்டும். விதிகளை அதிகாரங்களுக்குப் பிறகே எடுங்கள். கூட்டறிக்கையின் 4ஆம் பகுதியில் ஏழு தலைப்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் முதலில் பொது அறிக்கை, பிறகு இரு தரப்பு விளக்கம். ஓர் அமர்வுக்கு இரண்டு தலைப்புக்கு மேல் போகாது.